வீட்டுச் சிங்கிள் பேஸில் சின்னத் திரீ பேஸ் மோட்டார்: முதலில் தகட்டைப் படியுங்கள்

மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பழைய மரக் கடைச்சல் மெஷினை வாங்கிப் பட்டறையில் இறக்கியிருப்பீர்கள். அல்லது மூடிப்போன ஒரு மில்லிலிருந்து நல்ல நிலையில் ஒரு மோட்டார் கைக்கு வந்திருக்கும். மூடியைத் திறந்தால் மூன்று பேஸ் கேட்கிறது. வீட்டில் இருப்பதோ லைன் ஒன்று, நியூட்ரல் ஒன்று. மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிகுடியில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்: "அண்ணன், இத வீட்டுக் கரண்டுல ஓட்டலாமா?"

பெரும்பாலும் ஓட்டலாம். 2 எச்பி வரை, அதாவது 1.5 கிலோவாட் வரை, பெரிய சிக்கல் இல்லை. ஆனால் எந்தச் சாமான் வாங்குவது, எத்தனை மைக்ரோஃபரட், என்ன ட்ரைவ் என்பதெல்லாம் பிறகு. மோட்டாரின் பெயர்த் தகட்டைப் படித்து, வயர்கள் வந்து சேருகிற டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். நான் இதை எழுதுவதே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

என் கையால் ஒரு மோட்டார் எரிந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. மண்டூர்ப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி மிளகாயும் அரிசி மாவும் அரைத்துக் கொடுக்கிற சின்ன மில் வைத்திருந்தார். அவருடைய சிங்கிள் பேஸ் மோட்டார் பழுதாகிவிட, யாரோ கொடுத்த 2 எச்பி திரீ பேஸ் மோட்டாரைப் பொருத்தித் தரச் சொன்னார். நான் கணக்குப் போட்டுக் கப்பாசிட்டர் வாங்கிப் போட்டேன். வெறுமனே ஓட்டியபோது அழகாகச் சுற்றியது. மிளகாயைக் கொட்டியதும் முனகிக்கொண்டு வேகம் குறைந்தது, கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் எரிகிற மணம். குருமண்வெளிப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், மோட்டாரை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, கல்முனையில் ஒரு வைண்டிங் கடையில் கொடுத்தேன். கடைக்கார நானா நான்கு ஸ்குரூவைக் கழற்றி மூடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இத நீங்க திறந்தே பாக்கல்லயா? ஸ்டார்லயே உட்டிருக்கீங்களே." ஸ்டார் என்பது மோட்டாருக்குள் உள்ள மூன்று கம்பிச் சுருளின், அதாவது வைண்டிங்கின், ஒவ்வொரு முனையை ஒரே முடிச்சில் சேர்க்கிற இணைப்பு. பெட்டிக்குள் மூன்று பித்தளைத் தகடுகளை இடம் மாற்றிப் போட்டிருந்தால் காணும். அது பத்து நிமிட வேலை. மாமிக்கு இரண்டு கிழமை மில் நின்றது.

ஏன் அப்படி ஆனது என்பதற்குள் போகுமுன், திரீ பேஸ் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வருவதால் மோட்டாருக்குள் காந்தப்புலம் வட்டமாகச் சுழல்கிறது. நடுவில் உள்ள ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஒரே பேஸைக் கொடுத்தால் புலம் சுழலாது, முன்னும் பின்னுமாக அடித்துக்கொண்டிருக்கும். மோட்டார் ம்ம்ம் என்று முனகும், நகராது. அந்த நிலையில் அது சாதாரண ஓட்டத்தைப் போலப் பல மடங்கு அம்பியரை இழுக்கும். பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டால் சுற்றத் தொடங்கும் என்பது உண்மைதான். சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள். செய்யாதீர்கள். விரல் போகும், வைண்டிங்கும் போகும். நாம் செய்ய வேண்டியது, நம்மிடம் இல்லாத பேஸை எங்கிருந்தாவது உண்டாக்கிக் கொடுப்பது. அதற்கு இரண்டு வழி: வீஎப்டி என்கிற ட்ரைவ், அல்லது கப்பாசிட்டர்.

தகட்டில் என்ன பார்ப்பது

துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தகட்டைத் துடையுங்கள். பெயின்ட் பூசியிருந்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். எண்கள் தெரிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கிலோவாட் அல்லது எச்பி, வோல்ட், அம்பியர், ஹேர்ட்ஸ், நிமிடச் சுற்று இவை ஐந்தும் வேண்டும். அவற்றில் வோல்ட் வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நம்முடைய பக்கத்தில் கையில் கிடைக்கிற மோட்டார்கள் ஏறக்குறைய நான்கு வகைக்குள் வரும்.

முதலாவது, 230/400 என்று எழுதி, பக்கத்தில் முக்கோணக் குறியும் ஆங்கில Y போன்ற ஒரு குறியும் இருப்பது. இதுதான் நமக்கு வேண்டியது. இதன் ஒவ்வொரு வைண்டிங்கும் 230 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டது. 400 வோல்ட் திரீ பேஸில் ஓடும்போது ஸ்டார், 230 வோல்ட்டில் ஓடும்போது முக்கோணம், அதாவது ஒரு வைண்டிங்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு சேர்க்கிற டெல்டா. இத்தகைய தகட்டில் அம்பியரும் இரண்டாக இருக்கும். 0.75 கிலோவாட் மோட்டாரில் 3.3/1.9 என்பதுபோல. பெரிய எண் டெல்டாவுக்கானது. அதைக் குறித்து வையுங்கள், பிறகு பலமுறை தேவைப்படும்.

இரண்டாவது, 400/690 என்றோ, 400 அல்லது 415 என்ற ஒரே எண்ணோடு முக்கோணக் குறி மட்டுமோ இருப்பது. இதன் வைண்டிங் 400 வோல்ட்டுக்கு உரியது. வீட்டுக் கரண்டைக் கொடுத்தால் பாதி பலம்கூட வராது. 220 உள்ளே, 380 வெளியே என்று விற்கிற ட்ரைவ் வகை ஒன்று உண்டு. ஆனால் சின்ன மோட்டாராக இருந்தால் அதை விற்றுவிட்டு முதல் வகையில் ஒன்று தேடுவது நல்லது.

மூன்றாவது, இந்தியாவிலிருந்து வரும் சின்ன மோட்டார்களில் அடிக்கடி காண்பது. 415 வோல்ட், ஸ்டார், வெளியே வருவது மூன்றே வயர். ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே கட்டி வார்னிஷ் போட்டுப் புதைந்திருக்கும். இதற்கு வைண்டிங் கடைதான் வழி. அந்த முடிச்சை அவிழ்த்து மூன்று முனைக்கும் புது வயர் வைத்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஆறு முனை வெளியே வந்துவிட்டால் அது முதல் வகை மோட்டார்தான். முழுதாகத் திரும்பச் சுற்றத் தேவையில்லை, இதைக் கடையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

நான்காவது ஜப்பான் மெஷின்கள். ஜப்பானில் தொழிற்சாலைத் திரீ பேஸ் 200 வோல்ட். அதனால் தகட்டில் 200 வோல்ட் 50 ஹேர்ட்ஸ், 200 வோல்ட் 60 ஹேர்ட்ஸ், 220 வோல்ட் 60 ஹேர்ட்ஸ் என்று மூன்று வரி இருக்கும். வெளியே மூன்று வயர். இதை நம் நாட்டு 400 வோல்ட் திரீ பேஸில் நேரே கொடுத்தால் எரிந்துவிடும். ஆனால் சிங்கிள் பேஸ் ட்ரைவுக்கு இதைவிடப் பொருத்தமான மோட்டார் கிடையாது. எதையும் அவிழ்க்கத் தேவையில்லை, மூன்று வயரையும் அப்படியே கொடுக்கலாம். பழைய ஜப்பான் டிரில், கடைச்சல் மெஷின் பார்த்தால் திரீ பேஸ் என்று பயந்து விட்டுவிடாதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும்

மெயினை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டுத் திறவுங்கள். உள்ளே ஆறு போல்ட், இரண்டு வரிசையாக நிற்கும். மேல் வரிசையில் யூ1, வீ1, டபிள்யூ1. கீழ் வரிசையில் டபிள்யூ2, யூ2, வீ2. கீழ் வரிசை ஒரு இடம் தள்ளி நிற்பதைக் கவனியுங்கள். டெல்டாவுக்குப் பித்தளைத் தகட்டை நேரே நிமிர்த்திப் போட்டால் சரியான முனைகள் சேரவேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

பித்தளைத் தகடுகள் ஒரு வரிசையின் மூன்று போல்ட்டையும் படுக்கையாகச் சேர்த்திருந்தால் அது ஸ்டார். மூன்று தகடும் மேலிருந்து கீழாக, தனித்தனியே நின்றால் டெல்டா. 230/400 மோட்டாரை நாம் டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். நட்டைக் கழற்றித் தகடுகளை எடுத்து நிமிர்த்திப் போட்டு இறுக்குங்கள். கடற்கரை ஊர்களில் இந்தத் தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். மணல் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு மாட்டுங்கள். களிம்பும் தளர்ந்த நட்டும்தான் பெட்டிக்குள் வயர் கருகுவதற்கு முக்கியக் காரணம்.

ஸ்டாரில் விட்டால் என்ன நடக்கிறது? 230 வோல்ட் இரண்டு வைண்டிங்குக்குப் பங்காகப் பிரிந்து, சரியான மூன்றாவது பேஸ் கிடைத்தால்கூட ஒவ்வொன்றுக்கும் 133 வோல்ட்தான் வரும். மோட்டாரின் முறுக்கு விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைவதால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெறும் ஓட்டத்துக்கு அது போதும். பாரம் வந்ததும் வேகம் விழும், அம்பியர் ஏறும், சூடு பிடிக்கும். மாமியின் மில்லில் நடந்தது இதுதான். வெறுமனே ஓட்டிப் பார்த்துவிட்டு சரி என்று விட்டுவிடக் கூடாது என்பதும் அதிலிருந்து கற்றது.

எழுத்துகள் அழிந்து ஆறு வயர் மட்டும் தொங்கினால் மல்டிமீட்டரை ஓமில் வைத்து மூன்று சோடிகளைக் கண்டுபிடியுங்கள். மூன்று சோடியும் ஒரே ஓம் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால் வைண்டிங்கில் பிழை இருக்கிறது. எந்த முனை தொடக்கம், எது முடிவு என்பதை வைண்டிங் கடையில் பார்த்துத் தருவார்கள். ஊகித்துக் கட்டாதீர்கள். அங்கேயே 500 வோல்ட் மெகர், அதாவது கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீற்றர், வைத்து வைண்டிங்குக்கும் மோட்டாரின் உடம்புக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அந்த மோட்டாரை இணைக்கக் கூடாது. மாரி முழுக்கக் கொட்டிலில் கிடந்த மோட்டார் என்றால் ஈரம்தான் காரணமாக இருக்கும். மூடியைக் கழற்றி, பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை உள்ளே தொடாமல் தொங்கவிட்டு ஒரு இரவு எரியவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஏறிவிடும்.

ட்ரைவா, கப்பாசிட்டரா

கையில் காசு இருந்தால் ட்ரைவ். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ட்ரைவ் வீட்டுக் கரண்டை வாங்கி உள்ளே டிசியாக்கி, அதிலிருந்து உண்மையான மூன்று பேஸைச் செய்து கொடுக்கிறது. மோட்டாரின் முழுப் பலமும் கிடைக்கும். மெதுவாகக் கிளம்பும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அம்பியர் மிஞ்சினால் தானே நிறுத்திக்கொள்ளும். கடைச்சல், டிரில், பிளேனர், அரவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கப்பாசிட்டர் வழியில் மோட்டாரின் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். கிளம்புகிற விசை இன்னும் மோசம், நான்கில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோ. அதனால் வெறுமையாகக் கிளம்பி, பிறகு ஒரே அளவான பாரத்தில் ஓடுகிற வேலைக்கு மட்டும் அதை வையுங்கள்: நெல் தூற்றுகிற காற்றாடி, சாணைக் கல், சின்ன டிரில். மில்லுக்கும் காற்று அடிக்கிற கம்பிரசருக்கும் வேண்டாம்.

இரண்டுமே வேண்டாம் என்ற மூன்றாவது பதிலும் உண்டு. தண்ணீர்ப் பம்ப் போல ஒரே வேகத்தில் ஓடுகிற மெஷின் என்றால் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே சைஸ் சிங்கிள் பேஸ் மோட்டாரைப் பூட்டுங்கள். தகட்டில் பிரேம் எண் 80 என்றால் தண்டு 19 மில்லிமீற்றர், 90 என்றால் 24. எண் ஒத்தால் பழைய பெல்ட் சக்கரம் அப்படியே ஏறும். 3 எச்பிக்கு மேலே போகிறீர்கள் என்றால் மின்சாரம் தருகிற நிறுவனத்தில் திரீ பேஸ் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். வீட்டுக்கு வழக்கமாகத் தருகிற 30 அம்பியர் சிங்கிள் பேஸில், 3 எச்பி ட்ரைவ் ஒன்றே முழுப் பாரத்தில் 20 அம்பியருக்கு மேல் இழுத்துவிடும். பிறகு வீட்டில் ஒரு கேத்தலைப் போட்டாலும் மெயின் விழும். வீட்டுக் கட்டணத்தில் எடுத்த இணைப்பில் தொழில் நடத்துவதாக இருந்தால் அதையும் அந்தப் பயணத்திலேயே பாவனையாளர் சேவை நிலையத்தில் கதைத்து முடியுங்கள்.

ட்ரைவைப் பூட்டுகிற விதம்

வாங்கும்போது பெட்டியில் சிங்கிள் பேஸ் 220 உள்ளே, திரீ பேஸ் 220 வெளியே என்று இருக்க வேண்டும். எச்பியை மட்டும் பார்த்து வாங்காமல், ட்ரைவின் வெளியீட்டு அம்பியர் மோட்டாரின் டெல்டா அம்பியரைவிடக் கூடுதலா என்று பாருங்கள். அரவை மெஷினுக்கு ஒரு சைஸ் பெரியதாக எடுங்கள்.

உள்ளே போகிற அம்பியர், வெளியே வருவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1 எச்பிக்கு வெளியே 4 அம்பியர் என்றால் உள்ளே 8 வரை. 2 எச்பிக்கு உள்ளே 14 முதல் 16. ஆகவே 2 எச்பி ட்ரைவை 13 அம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது. வீட்டுப் பிரேக்கர்கள் இருக்கிற டிபி பெட்டியிலிருந்து தனி பிரேக்கர் போட்டுத் தனி வயர் இழுக்க வேண்டும். 7/0.67 வயரில், அதாவது 0.67 மில்லிமீற்றர் இழை ஏழு உள்ளதில், 15 அம்பியரை 30 மீற்றர் கொண்டுபோனால் வழியிலேயே 8 வோல்ட் போய்விடும். 7/0.85 போட்டால் 5 வோல்ட்தான். பட்டறை வளவின் பின்பக்கம் இருந்தால் தடித்த வயரை எடுங்கள்.

லைனும் நியூட்ரலும் ட்ரைவின் உள்ளீட்டு முனைகளுக்கு, மோட்டாரின் மூன்று வயர் யூ, வீ, டபிள்யூவுக்கு, ஏர்த் வயர் இரண்டு பக்கமும் ஏர்த் குறிக்கு. மெயின் வயரை மாறி யூ, வீ பக்கம் கொடுத்தால் ட்ரைவ் அந்த நொடியே முடிந்தது. கரண்ட் போடுமுன் இன்னொருவரைக் கூப்பிட்டு அந்த முனைகளை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். மோட்டாரில் பழைய கப்பாசிட்டர் ஏதாவது தொங்கினால் கழற்றி எறியுங்கள். ட்ரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஸ்விச் வைக்காதீர்கள். ஓடும்போது அதைத் தட்டினால் ட்ரைவ் பழுதாகும். நிறுத்துவதும் கிளப்புவதும் ட்ரைவின் பட்டனாலோ, அதன் சின்னக் கட்டுப்பாட்டு முனைகளில் இருந்து இழுத்த ஸ்விச்சாலோதான்.

அடுத்தது உள்ளே எண்களைப் போடுவது. ஒவ்வொரு ட்ரைவிலும் இலக்கம் வேறு, விஷயம் ஒன்றுதான். மோட்டார் வோல்ட், அம்பியர், ஹேர்ட்ஸ், நிமிடச் சுற்று இவற்றைத் தகட்டில் உள்ளபடி கொடுங்கள். 230/400 மோட்டாருக்கு 230, 50 ஹேர்ட்ஸ். ஜப்பான் மோட்டாருக்கு 200, 50 ஹேர்ட்ஸ். இதை விட்டுவிட்டால் ட்ரைவ் 220 அல்லது 230 கொடுத்து அந்த மோட்டாரை வீணாகச் சூடாக்கும். அம்பியரைச் சரியாகக் கொடுத்தால்தான் பாரம் மிஞ்சும்போது ட்ரைவ் காப்பாற்றும். கிளம்புகிற நேரத்தை 5 விநாடி, மில்லுக்கு 8 விநாடி வையுங்கள். நிற்கிற நேரத்தைக் குறைத்து வைத்தால், கனமான சக்கரம் தன் சக்தியைத் திருப்பித் தள்ளி ட்ரைவ் ஓவர் வோல்ட் என்று நின்றுவிடும். 10 விநாடிக்கு மேல் கொடுங்கள், அல்லது தானாகச் சுற்றி நிற்கவிடுங்கள். கீழ் எல்லை 25 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே மோட்டாரின் பின்னால் உள்ள காற்றாடி மெதுவாகச் சுற்றுவதால் குளிர்ச்சி போதாது.

இன்னொன்று, மிக முக்கியமானது. கரண்ட் போய் வந்ததும் மெஷின் தானாகக் கிளம்பக் கூடாது. வாள் மெஷினில் சிக்கிய மரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ட்ரைவில் அதற்கான தெரிவை அணைத்து, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கரை விழுத்தி, திரும்பப் போட்டு, கிளம்பவில்லை என்பதைக் கண்ணால் பாருங்கள்.

அணைத்த பிறகும் ட்ரைவுக்குள் 325 வோல்ட் டிசி நிற்கும். மூடியைத் திறக்குமுன் பத்து நிமிடம் விட்டு, பிளஸ் மைனஸ் முனைகளில் மீற்றரை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மோட்டாரை மெகர் செய்வதாக இருந்தால் ட்ரைவிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், மெகரின் 500 வோல்ட் ட்ரைவைக் கொன்றுவிடும்.

ட்ரைவைத் தகரக் கூரையின் கீழே, தவிட்டுத் தூசியிலும் மரத்தூளிலும் திறந்து வைக்காதீர்கள். அதை மூடின பெட்டிக்குள் அடைத்தாலும் சூடு போக இடமில்லாமல் நிற்கும். சுவரில் நிமிர்த்தி, மேலும் கீழும் ஒரு சாண் இடம் விட்டு, தூசி எழுகிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் பூட்டுங்கள். மாதம் ஒருமுறை அணைத்துவிட்டு ஊதுங்கள்.

கப்பாசிட்டர் வழி

பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி என்று படித்தது, கடையில் கப்பாசிட்டர் அல்லது கண்டென்சர். டெல்டாவில் உள்ள 230 வோல்ட் மோட்டாருக்கு ஒரு கிலோவாட்டுக்கு 70 மைக்ரோஃபரட் என்பது தொடக்கக் கணக்கு. 0.37 கிலோவாட்டுக்கு 25, 0.75க்கு 50, 1.1க்கு 75 அல்லது 80. எப்போதும் ஓடுகிற வகையை, 450 வோல்ட் ஏசி என்று எழுதியதை வாங்குங்கள். மின்விசிறியில் வருகிற சின்னக் கப்பாசிட்டர்களைக் கூட்டிக் கட்ட வேண்டாம்.

லைனை யூ1க்கும் நியூட்ரலை வீ1க்கும் கொடுங்கள். கப்பாசிட்டரின் ஒரு முனை டபிள்யூ1க்கு, மறு முனை லைனுக்கு. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் அந்த மறு முனையை லைனிலிருந்து எடுத்து நியூட்ரலுக்கு மாற்றினால் திசை திரும்பும். கப்பாசிட்டருக்குக் குறுக்கே 100 கிலோஓம், 2 வாட் தடையி ஒன்றைக் கட்டாயம் பற்றவையுங்கள். அது இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே காத்துக்கொண்டிருக்கலாம். அது இருந்தாலும் அரை நிமிடம் பொறுத்துத்தான் தொடுங்கள்.

கிளம்பக் கஷ்டப்பட்டால் இன்னொரு கப்பாசிட்டரை, ஓடுகிறதைப்போல இரண்டு மடங்கு அளவில், அமுக்குகிற பட்டன் வழியாக முதலாவதுக்குப் பக்கத்தில் சமாந்தரமாகக் கொடுங்கள். வேகம் பிடித்ததும், ஒன்றிரண்டு விநாடிக்குள், பட்டனை விடவேண்டும். கிளப்புகிற வகைக் கப்பாசிட்டர் தொடர்ந்து கரண்டில் நின்றால் வெடிக்கும்.

இப்போது வயரைச் சுற்றிப் பிடித்து அம்பியர் அளக்கிற கிளாம்ப் மீற்றரை எடுங்கள். மெஷினை உண்மையான வேலையில் வைத்து, மோட்டாருக்குப் போகிற மூன்று வயரையும் தனித்தனியே அளவுங்கள். எதுவும் தகட்டின் டெல்டா அம்பியரைத் தாண்டக் கூடாது. டபிள்யூ1 வயரில் கூடுதலாக ஓடினால் கப்பாசிட்டரைக் குறையுங்கள், மற்ற இரண்டைவிட மிகக் குறைவாக ஓடினால் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒத்து வரும் இடம் ஒன்று உண்டு. ஆனால் அது அந்தப் பாரத்துக்கு மட்டும்தான். பாரமில்லாமல் விட்டால் டபிள்யூ பக்கம் வோல்ட் ஏறி, சும்மா ஓடுகிற மோட்டார் சூடாகும். ஆகவே வேலை இல்லாத நேரத்தில் ஓடவிடாமல் அணைத்துவிடுங்கள். ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டர் வைத்தால் அம்பியர் மிஞ்சினாலும் கரண்ட் போனாலும் தானாக விழும். அதன் கொயில் 230 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள், 400 வோல்ட் கொயில் இங்கே இழுக்காது.

வீட்டுப் பக்கம்

எந்த வழியைப் பிடித்தாலும் ஏர்த் சரியாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் வளவுக்குள் அடித்த கம்பிதான் ஏர்த். கடலோர மணலில் கோடையில் அது காய்ந்து வேலை செய்யாமல் போகும். இலெக்ரீசியனிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ட்ரைவ் போட்டதும் டிரிப் ஸ்விச் அடிக்கடி விழுந்தால் சிலர் அதை நேரே கட்டிவிடச் சொல்வார்கள். ஒருபோதும் அதற்கு இணங்காதீர்கள். ட்ரைவின் உள்ளே உள்ள பில்டர் கொஞ்சம் கரண்டை ஏர்த்துக்கு விடுவதால்தான் அது விழுகிறது. ட்ரைவுக்குத் தனி டிரிப் ஸ்விச், அதுவும் கைநூலில் சொன்ன வகையில் போட்டால் பெரும்பாலும் தீரும்.

நம் நாட்டில் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது 216 முதல் 244. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நீண்ட லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை ஆறு மணிக்கு மேல் மீற்றரை வைத்துப் பாருங்கள், மெஷின் ஓடும்போதே. பகலில் நன்றாக ஓடிய மோட்டார் இரவில் திணறினால் பிழை மோட்டாரில் இல்லை. அளவு 216க்குக் கீழே விழுகிறது என்றால் நேரத்தோடு குறித்துக்கொண்டு சேவை நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். இடி மின்னல் நேரத்தில் ட்ரைவின் பிரேக்கரை விழுத்தி, முடிந்தால் வயரையே பிரித்து வையுங்கள்.

முதல் நாள் ஓட்டம்

பெல்ட்டைக் கழற்றி வெறும் மோட்டாரை ஒரு நிமிடம் ஓட்டி, திசையைப் பாருங்கள். ட்ரைவில் திசை பிழையென்றால் மோட்டார் வயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் சரி. பிறகு பெல்ட்டை மாட்டிப் பாரமில்லாமல், அப்புறம் அரைப் பாரத்தில், அப்புறம் முழுப் பாரத்தில். ஒவ்வொரு தடவையும் அம்பியரைக் குறியுங்கள். முழுப் பாரத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு உள்ளங்கையை மோட்டாரின் முதுகில் வையுங்கள். நான்கைந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் நல்லது. உடனே எடுக்க வேண்டியிருந்தால் நிறுத்தி, அம்பியரை மறுபடி பாருங்கள்.

குறித்த எண்களை டெர்மினல் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள்: டெல்டா, திகதி, பாரத்தில் எத்தனை அம்பியர், எத்தனை மைக்ரோஃபரட் அல்லது ட்ரைவில் கொடுத்த வோல்ட். மாமியின் மோட்டார் திரும்பச் சுற்றி வந்தபோது நானா அதன் மூடிக்குள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். இப்போது அந்த மில் ட்ரைவில் ஓடுகிறது. பெட்டியைத் திறக்கிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அந்த எழுத்துத்தான்.